ஈரச் சக்கை

காகித மில்லின் லாரி வரும்போது பிளாஸ்டிக் குப்பையைக் கொண்டுவரும். போகும்போது கரும்புச் சக்கையை ஏற்றிக்கொண்டு போகும். முசாபர்நகர் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய காகிதத்தில் கலந்து கிடக்கும் உறை, ஒட்டு நாடா, பை எல்லாம் மில்லுக்கு ஆகாதவை. அவை வெல்லக் கொட்டகை அடுப்புக்கு வந்துவிடும். சக்கை அங்கே போய் அட்டைப்பெட்டியாகும். பெட்டியின் மேல் ஒரு பச்சை இலையை அச்சடிப்பார்கள்.

அங்கே சொந்தக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சும் ரிஷிபால் சிங் இதையெல்லாம் யோசிப்பதை விட்டுப் பல வருடமாகிறது. போன வாரம் மகள் ரிது ஃபோன் செய்தாள். அவளுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது.

"அப்பா, லட்டு பிடிக்க வெல்லம் அனுப்புவீங்கல்ல? சக்கைத் தீயில காய்ச்சினதா அனுப்புங்க. நான் பால் குடுக்குறேன்."

"சரிம்மா."

"சும்மா சரி சரின்னு சொல்லாதீங்கப்பா."

பிள்ளை பெற்றவளுக்குப் பிறந்த வீட்டு வெல்லம் போயாக வேண்டும். கடையில் வாங்கிக் கொடுத்தால் சம்பந்தி வீட்டில் சிரிப்பார்கள். கடை வெல்லம் மட்டும் எந்தத் தீயில் காய்ந்ததாம்? ரிஷிபால் ஒரு கொப்பரைக்கு ஆகும் சக்கையை லாரிக்காரன் கண்ணில் படாமல் கொட்டகைக்குப் பின்னால் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடினான்.

அங்கேதான் தப்பு நடந்தது. சக்கையைப் பரப்பிக் காயவைக்க வேண்டும். மில் ஈரமாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் அவனுக்கு அது மறந்தே போயிருந்தது.

மருமகன் நிதின் வெல்லம் வாங்கிப்போக வந்து வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தான். உள்ளே சாறு அழுக்கெடுத்து, பாதி சுண்டியிருந்தது. தீ படுத்துவிட்டது.

"சௌத்ரி, இது அடுப்பா, கொசுவுக்குப் போடுற புகையா?" என்று ரிஷிபாலைக் கேட்டான் தீ போடும் மெஹர்தீன்.

"ஊது."

"ஊதி ஊதி எனக்குத்தான் சுண்டுது. பாகு கொதி அடங்குது பாருங்க. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா கட்டியாகாது, மாட்டுக்குத்தான் ஊத்தணும்."

ஊற்றியிருக்கலாம். ஒரு கொப்பரைச் சாறுதான். மருமகனை வெறுங்கையோடு அனுப்பி, வெயில் வந்ததும் சக்கையைக் காயவைத்து, பிறகு நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். ரிஷிபால் இதை நினைத்தான். நினைத்தபடியே நின்றான். மெஹர்தீன் பிளாஸ்டிக் மூட்டையின் வாயைப் பிடித்தபடி அவன் முகத்தைப் பார்த்தான்.

"போடவா?"

"போடு."

தீ பச்சையும் நீலமுமாக எழுந்தது. பாகு உடனே கொதித்தது. பொன் நிறத்தில் நல்ல வெல்லம் இறங்கியது. சுற்றிலும் எல்லாக் கொட்டகையிலும் இதே வாடைதான். வெளியே இருந்தவனுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

நிதின் டின்னை வாங்கி பைக்கில் கட்டினான்.

"மாமா, ரிது கேட்டுட்டு வரச் சொன்னா. சக்கையிலதானே காய்ச்சினீங்க?"

"ஆமா மாப்பிள்ளை."

"அவ ஒரு பயந்தாங்கொள்ளி மாமா," என்று நிதின் சிரித்தான். ரிஷிபாலும் சிரித்தான்.

பைக் பனிக்குள் போனது. மெஹர்தீன் துண்டை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தான். ரிஷிபால் கொப்பரையில் சாறு ஊற்றினான்.