மூக்கம்மாளின் கடைவாய்ப் பல்

மூக்கம்மாளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. ஏலத்தோட்டத்தில் காயெடுப்பை விட்டுவிட்டு, போடிமெட்டிலிருந்து ஜீப்பில் மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்தாள். அங்கே பேச்சைக் கேட்டுச் சீட்டுக் கொடுக்கும் எந்திரம் புதிதாக வந்திருந்தது.

“என்ன தொந்தரவு?” என்றது எந்திரம்.

“பல்லு வலி அப்பு. உசுரு போகுது.”

‘இறப்பு. பிணவறை’ என்று சீட்டு வந்தது.

நர்ஸ் பவதாரணி அதைப் பார்த்துக் கையை விரித்தாள். “செத்தவுகளுக்குப் பல்லு புடுங்க கம்ப்யூட்டர் விடாது ஆத்தா. உசுரோட இருக்கேன்னு அதுகிட்டயே போயிச் சொல்லுங்க.”

மூக்கம்மாள் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். “உசுரு வந்துருச்சு அப்பு.”

‘பிறப்பு. பச்சிளங்குழந்தைப் பிரிவு.’

நர்ஸ் சீட்டை இரண்டு முறை படித்தாள். “இப்பப் பல்லே மொளைச்சிருக்காதே ஆத்தா. ஆறு மாசங்கழிச்சு வாங்க.”