ஆறு மணி ரிப்போர்ட்

என் கணவன் நவநீத்துக்கு எதையும் கையால் செய்யப் பிடிக்காது. ஆபீசில் அவன் வேலையே அதுதான்: மெயிலில் வரும் கோப்புகளைத் தானே பிரித்து, படித்து, உரியவருக்கு அனுப்பிவைக்கும் புரோகிராம் எழுதுவது. அத்தைக்கு ரத்தப் புற்றுநோய், இனி வைத்தியமில்லை என்று டாக்டர் கைவிரித்தபோதும் உட்கார்ந்து ஒரு புரோகிராம்தான் எழுதினான்.

அத்தையிடம் வெறும் ரத்தசோகை என்று சொல்லியிருந்தோம். மாதத்தின் முதல் திங்களன்று, வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் டாக்குரியாவில், எங்கள் சந்து முனையிலிருக்கும் லேபில் ரத்தம் கொடுப்பார். லேபிலிருந்து வரும் நிஜ ரிப்போர்ட் டாக்டருக்கும் நவநீத்துக்கும் போகும். புரோகிராம் எண்களைத் திருத்திய இன்னொன்று அத்தையின் போனுக்கு. லேப் தாமதித்தால் அம்மா காத்திருப்பாளே என்று, நிஜ ரிப்போர்ட் வராவிட்டாலும் ஆறு மணிக்கு அந்தத் திருத்திய ரிப்போர்ட் போய்விடும்படி செய்திருந்தான். அதைக் கும்பகோணத்திலிருக்கும் தன் தங்கை பாகீரதிக்கு அனுப்பிவிட்டுத்தான் அத்தை காபியே குடிப்பார். பொய்யென்றாலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

அந்தத் திங்கள் காலை தெருவெல்லாம் மஞ்சள் புடவையில் சின்னப் பெண்கள். வேடிக்கை பார்த்துவிட்டு இருவரும் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டோம். எங்கள் ஆபீசுகளுக்குத் தலைமையிடம் பெங்களூர்; அங்கே விடும் லீவுதான் எங்களுக்கும் லீவு.

திரும்பியபோது அத்தை போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். காபி போடவில்லை.

"ரிப்போர்ட் வந்துடுச்சுடா. ஹீமோகுளோபின் ஏறியிருக்கு."

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" நவநீத் சிரித்தான்.

"லேப் பூட்டியிருந்துச்சு. சரஸ்வதி பூஜையாம், எதிர்வீட்டு மிட்டாலி சொன்னா. நான் இன்னிக்கு ரத்தமே குடுக்கலை."

நமக்கு அது நவராத்திரியில் வரும் பூஜை. இங்கே பிப்ரவரியில் வருமென்று எங்கள் மண்டைக்கு எட்டவேயில்லை. வங்காளத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டி என்ன பிரயோசனம்!

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனில் எதையோ அழுத்தினார்.

"பாகீரதிக்கு அனுப்பிட்டேன். அவ தாங்க மாட்டா, அவளுக்கு இதுவே போகட்டும். எனக்கு நிஜத்தைக் காட்டு."

நவநீத் லேப்டாப்பைத் திறந்தான். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மாதத்தையும் கடைசி வரி வரை படித்தார். பிறகு அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"நான் போனப்புறம் மறக்காம இதை நிறுத்திடுடா. இல்லேன்னா அப்பவும் எனக்கு ஹீமோகுளோபின் ஏறிட்டே இருக்கும்."

சொல்லிவிட்டு அவர்தான் சிரித்தார். நவநீத் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.