வீட்டைச் சோதிக்க எழுநூறு பவுண்டு

"வீட்டுக்கு என்ன வயசு?" என்று வாங்கப்போகும் வீட்டைச் சோதித்துச் சொல்லும் கம்பெனிப் பெண் போனில் கேட்டதும் பெத்தனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்பது போலக் கேட்கிறாளே! நூறைத் தாண்டியிருக்கும் என்றாள்.

"அப்போ முழுச் சோதனைதான் செய்யணும். எழுநூறு பவுண்டு ஆகும்" என்றது குரல், கொஞ்சமும் கூசாமல். பெத்தனியின் சிரிப்பு நின்றது.

இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் விற்கிற கடையில் நின்று நின்று கால் வீங்கச் சேர்த்த பணம். இங்கிலாந்தின் டார்வென் ஊரில் மேட்டில் ஏறும் தெருக்களில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கல் வீடுகளில், அவள் கைக்கு எட்டின விலையில் இருந்தது இது ஒன்றுதான். இதுவும் கைநழுவினால் மறுபடி வாடகை அறைதான். கீழே விடிய விடியக் குரைக்கும் நாயும்தான்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சிப்ஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அப்பா டெரிக் அந்த வட்டாரத்தில் பேர் பெற்ற கொத்தனார்.

"எழுநூறா? எவனோ டார்ச் லைட்டோட வந்து, 'ஈரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்'னு எழுதிட்டுப் போவான். அதுக்கா எழுநூறு? கண்ணு, அந்தக் காசுக்கு நான் உனக்குச் சமையல்கட்டையே மாத்தித் தரேன்."

"எதுக்கும் ஒரு தடவை பார்த்துரலாமேன்னு..."

"அதான் கடன் குடுக்குற பேங்க்லேருந்து ஆள் வந்து பார்த்துட்டானே! அவன் சரின்னு சொன்ன வீட்டை இன்னொருத்தன் பார்க்கணுமா? நானும்தான் வந்து பார்த்தேன்."

பேங்க் ஆள் பார்த்துவிட்டால் வீடு பத்திரம் என்றுதான் அங்கே பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதுதான் பேங்க்குக்குக் கவலை. கூரை நிற்குமா என்பது அதற்கு எதற்கு? அன்று வந்தவன் காரை விட்டே இறங்கவில்லை என்று அந்த வீட்டின் எதிர்வீட்டுக்காரி சொன்ன பிறகு பெத்தனிக்கு அந்த நம்பிக்கையும் போயிற்று.

அப்பா பார்த்தது உண்மைதான். வீட்டுச் சொந்தக்காரர் தன் மகளைப் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், தரகரிடம் சாவி வாங்கி இருவரும் உள்ளே போனார்கள். அவர் சுவரைத் தட்டினார், தரையில் குதித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் பெத்தனி அவருக்குத் தெரியாமல் பணத்தைக் கட்டினாள். சோதனை நாளன்று பஸ் வராமல் போகவே, வேறு வழியில்லாமல் அவருக்கே போன் செய்ய வேண்டியதாயிற்று.

விஷயத்தைக் கேட்டும் அவர் தன் வேனில் கூட்டிவந்தார். வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, "நான் வரல. காசு எரியுறதைப் பக்கத்துல நின்னு பார்க்க என்னால முடியாது" என்று மட்டும் சொன்னார்.

கதவைத் திறந்தவர் வீட்டுச் சொந்தக்காரர் மிஸ்டர் ஆர்மரோட். மனைவி எலன் இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறவர். யார் வந்தாலும் முதல் காரியம் தேநீருக்குக் கெட்டிலை வைப்பதுதான் அவர் வழக்கம். "வாம்மா, வா. அந்த அம்மா மேல எலி மாதிரி உருட்டிக்கிட்டிருக்காங்க. சர்க்கரை எத்தனை?"

மாடிக்குப் போனதும் பரணின் திறப்பிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சோதிக்க வந்த மிஸ்ஸஸ் ஹோல்டன். முடியெல்லாம் ஒட்டடை.

"பெத்தனி, நீங்கதானே? ஏணியில பாதி ஏறி வாங்க, போதும். உள்ள காலை வச்சுராதீங்க."

பெத்தனி ஏறிப் பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் செங்கல் புகைபோக்கி ஒரு தடித்த தூண் போலக் கூரையைப் பிளந்துகொண்டு மேலே போயிற்று. கண் கீழே இறங்கியது. தூணுக்கு அடியில் சுவர் இல்லை. இரண்டு மரப்பலகைகள், அவ்வளவுதான். நடுவில் பலகைகள் தொய்ந்து கிடந்தன.

"கீழே இருக்கவேண்டிய மிச்சம் எங்க?" என்றாள்.

"அதைத்தான் நானும் தேடுறேன். முன்னறையில குளிர்காயுற கணப்பையும், படுக்கையறையில அதுக்கு மேல இருந்த புகைபோக்கிப் பாகத்தையும் யாரோ இடிச்சு எடுத்துட்டாங்க. இடம் பெருசாத் தெரியணும்னு. மேல இருக்குறதைத் தாங்க ஒரு இரும்பு உத்தரம்கூட வைக்கல. கல்லும் செங்கல்லுமா ஒரு டன்னுக்கு மேல இருக்கும். இத்தனை நாள் எப்படி நிக்குதுன்னே தெரியல."

பெத்தனி இறங்கும்போது ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

மிஸ்ஸஸ் ஹோல்டன் கீழே வந்து விஷயத்தைச் சொன்னதும், தேநீர்த் தட்டோடு நின்ற ஆர்மரோட் முதலில் சிரித்தார். "சும்மா பயமுறுத்தாதீங்க. நான் அதுக்குக் கீழதானே தூங்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் மெல்ல வெளுத்தது.

"இன்னிலேருந்து அங்க தூங்காதீங்க. யார் இடிச்சது?" என்றார் மிஸ்ஸஸ் ஹோல்டன்.

"ரொம்ப வருஷம் முன்னாடி எங்க எலன் அறை பெருசா வேணும்னா. ஒரு பையன் வந்தான், ரெண்டே நாள்ல முடிச்சுட்டான். கவுன்சில் அனுமதியெல்லாம் வாங்க வேண்டாம், வீண் அலைச்சல்னான். நல்ல பையன். பேரு நாக்கு நுனியில நிக்குது..." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, எதையாவது செய்தால்தான் நிற்க முடியும் என்பது போல, "வெளிய வேன்ல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே. குளிர்ல பாவம்" என்று ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஜன்னல் வழியே பெத்தனி பார்த்தாள். ஆர்மரோட் வேன் கண்ணாடியைத் தட்டினார். குனிந்தார். கோப்பை சாய்ந்து தேநீர் கொட்டியது. அப்பாவின் கையைப் பிடித்து அவரை இழுக்காத குறையாக உள்ளே கூட்டி வந்தார்.

"டெரிக்! இவன்தான்! டெரிக்னுதான் பேரு! நான் சொன்ன பையன் இவன்தான்மா!" ஒரு கணம் அவர் முகத்தில் கண்டுபிடித்த சந்தோஷம்தான் இருந்தது. பெத்தனியையும் டெரிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் பொண்ணாப்பா இது?" என்றார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

சாவி வாங்கி வந்த அன்று அப்பா இந்த வாசற்படியில் கொஞ்சம் தயங்கி நின்றது பெத்தனிக்கு நினைவுக்கு வந்தது. படுக்கையறையில் புகைபோக்கிக்கு நேர் கீழே அவர்தான் கை நீட்டிக் காட்டினார்: கட்டிலை இங்கே போடு, வெளிச்சம் படும் என்று.

"அப்பா, அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுதா, இது நீங்க இடிச்ச வீடுன்னு?"

"இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு இஞ்ச் அசையல" என்றார் டெரிக், தரையைப் பார்த்து.

"பலகை ஆறு இஞ்ச் தொய்ஞ்சிருக்கு" என்றார் மிஸ்ஸஸ் ஹோல்டன்.

"நீங்க சும்மா இருங்கம்மா! அப்போ எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க."

"அப்பா, நான் கேட்டதுக்குச் சொல்லுங்க."

"தெரிஞ்சுது." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். "விடு கண்ணு. இதுக்கு இவ்வளவு கூத்து வேண்டாம். நீ குடி வந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை நானே ஏறி, உனக்குக்கூடத் தெரியாம இரும்பு வச்சிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சத்தியமா வச்சிருப்பேன்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"முதுகு கொஞ்சம் சரியானதும்..."

"அதுவரைக்கும் நான் எங்கப்பா படுத்திருப்பேன்?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனார். வேன் கிளம்பி மேட்டிலிருந்து இறங்கியது.