விழுவதற்கு ஒருத்தி

மெத்தைகளை மூலையிலிருந்து இழுத்து வந்து விரிப்பது தரணியின் வேலை. யாரும் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்ததல்ல. கல்லூரியில் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் முன்னால் வந்து விரித்துப்போட்டாள், அதுவே அவள் வேலையாகிப்போயிற்று. பச்சை மெத்தை ஒவ்வொன்றும் ஒரு கதவளவு இருக்கும். வியர்வை ஊறி ஊறிக் கனம் ஏறியவை. முன்பெல்லாம் இரண்டிரண்டாகத் தூக்கி வந்தவள் இன்று ஒவ்வொன்றாகத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தாள். இடது காலை மடக்காமல் குனியப் பழகியிருந்தாள்.

முட்டி போன மாதம் போனது. ஜூடோவில் ஒருத்தி எறியப் பழக வேண்டுமானால் இன்னொருத்தி விழுந்துகொடுக்க வேண்டும். காவ்யா எறிவாள், தரணி விழுவாள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையை மெத்தையில் அறைந்து அவள் விழுந்தால் கூடமே அதிரும். அன்றைக்குக் காவ்யாவுக்குக் கால் தடுமாறி, தரணியின் முட்டிமேல் அவளும் சேர்ந்து விழுந்தாள். "அடிபட்டுச்சா?" என்று பதறிப்போய்க் கேட்டாள். இல்லை என்று சொல்லி எழுந்துவிட்டாள் தரணி.

வேறென்ன சொல்வாள்? திருப்பதியில் அவளுக்குக் கிடைத்த டிகிரி சீட்டே விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தது. பல்கலைக்கழக அணியில் பெயர் இருக்கிற வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலில் சோறும் கட்டிலும் உண்டு. பெயர் போனால் மூன்றும் போகும். இந்த வருஷத்து அணிக்கான பெயர்களை இன்று சாயங்காலம் அனுப்புகிறார்கள். அதற்கு முன் எடை பார்ப்பார்கள், அவரவர் எடைப் பிரிவைத் தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். காவ்யா ஒரு எடைப் பிரிவு, தரணி அதற்குக் கீழே. ஒருத்தி இடத்துக்கு மற்றவள் போட்டியில்லை. தரணிக்குப் போட்டி அவள் முட்டிதான்.

இதையெல்லாம் அறியாமல்தான் அவள் அம்மா மணியம்மா காலையில் வந்து இறங்கியிருந்தாள்.

கங்காதர நெல்லூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் அவளுக்கு வேலை. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வரும். நாளெல்லாம் நின்றபடி காம்பைக் கிள்ளித் தோலைச் சீவிக் கொட்டையை எடுக்க வேண்டும். பால் பட்டுப்பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது. சீசன் முடிகிற நேரம், இன்றைக்குக் காய் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சும்மா கிடக்கிற நாளில் பெண்ணையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று களி கிண்டி, வேர்க்கடலைச் சட்னி அரைத்து, டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஹாஸ்டலின் பார்வையாளர் அறையில் தரணி உட்காரும்போதே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பெற்றவள் கண்ணுக்கு எதை மறைக்க முடியும்? பேண்ட்டைச் சுருட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, நுங்காட்டம் வீங்கிக்கினு கிடக்குது?"

"சுளுக்கும்மா. தானா அடங்கிடும்."

"உங்க சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வாணாம். நீ யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. மூச்சு உடாத, ஆமா."

"நான் ஏன்டி சொல்லப்போறேன். இந்தா, ஒரு வாய் துன்னு."

"இப்ப வாணாம். சாயங்காலம் எடை பாக்கறாங்கோ. பாத்ததும் துன்றேன், எடுத்து வை."

மணியம்மா மூடியைத் திரும்ப அழுத்தி மூடினாள். வயசுப் பெண் வெறும் வயிற்றில் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இருந்தாலும் படிக்கிற பெண், அவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கூடத்தின் வாசற்படி ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் சண்டை கற்றுக்கொள்கிறாள் என்று ஊரில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. வெள்ளை உடுப்பில் தரணியும் காவ்யாவும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் குனிந்து வணங்கினார்கள். நல்ல பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டாள். மறுகணம் அவள் பெண் காவ்யாவின் தோளுக்கு மேலே போய்த் தொப்பென்று மெத்தையில் விழுந்தாள். எழுந்தாள். திரும்ப விழுந்தாள். எழும்போதெல்லாம் இடது முட்டியை ஊன்றாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தாள். அது வேறு யாருக்கும் தெரியவில்லை, மணியம்மாவுக்குத் தெரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் குடிக்கவிட்டார்கள். தரணி கூடத்துக்கு வெளியே குழாயடிக்குப் போனாள். பயிற்சியாளர் கோபிகிருஷ்ணன் வாசல் பக்கமாக வந்தார். புத்தூர்க்காரர், தமிழ் பேசுகிறவர், கண்டதும் கும்பிட்டு "நம்ம ஊர்ப் பக்கமாம்மா?" என்று கேட்டவர். மணியம்மா எழுந்து அவர் பக்கம் போனாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்கோ. அந்தப் பொண்ணு கொஞ்சம் வலது பக்கமா தள்ளட்டும் சார். எங்க பொண்ணுக்கு இடது முட்டி வீங்கிக் கிடக்குது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்கோ, கோவிச்சுக்கும்."

ஃபேக்டரியில் அப்படித்தான். கை வெந்துபோயிற்று என்று மேஸ்திரியிடம் தனியாகச் சொன்னால் ரெண்டு நாள் காய் கழுவுகிற இடத்துக்கு மாற்றிவிடுவான். இவரும் மனுஷர்தானே.

கோபிகிருஷ்ணன் வெளியே எட்டிப் பார்த்தார். குழாயடியிலிருந்து தரணியைக் கூப்பிட்டு, வாசலோரப் பெஞ்சில் உட்காரவைத்து, முட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினார். அவளுக்கு உதடு வெளுத்துவிட்டது.

"எத்தினி நாளா?"

தரணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காலோட உன்னை அனுப்ப முடியாதும்மா," என்றார் அவர்.

"சார், இறுக்கமா கட்டுப் போட்டுக்கினு ஆடிடுவேன் சார்."

"எனக்குத் தெரியாம இருந்தா அது வேற. இப்ப தெரிஞ்சிடுச்சி. அங்க போயி கால் ஒடிஞ்சா யாரைக் கேப்பாங்கோ? நானே கான்ட்ராக்ட்ல இருக்கேன். வருஷா வருஷம் ஆபீசுரு காலைப் புடிச்சிதான் வேலையில நிக்கறேன்." சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குரலில் கோபமில்லை. "இந்த வருஷம் உன் எடையில யாரும் போவல. அவ்ளோதான்."

மணியம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது. "அப்ப சீட்டு, சார்? ஹாஸ்டலு?"

"டீம்ல பேரு இருந்தாத்தாம்மா அதெல்லாம். ரூல் நான் போட்டதில்ல." கொஞ்ச நேரம் விசிலைக் கையில் உருட்டினார். "ஒண்ணு செய்யலாம். காவ்யா போட்டிக்குப் போற வரைக்கும் இவ ஹாஸ்டல்ல இருக்கட்டும், நான் வார்டன்கிட்ட சொல்லிக்கிறேன். அவளுக்கு விழறதுக்கு வேற ஆள் இல்ல."

"காலு முடியாதுன்னுட்டுத்தானே சார் பேரை எடுக்கறீங்கோ?"

"ஆடறதுதாம்மா கஷ்டம். இது விழறதுதானே, பழக்கம் இருக்குது அவளுக்கு."

அவர் மெத்தைப் பக்கம் போய்விட்டார். மணியம்மா பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே மலைக்குப் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

"சொல்லாதன்னேனேம்மா."

"மேஸ்திரிகிட்ட சொன்னா எடம் மாத்துவான்டி. அப்படீன்னு நெனச்சுக்கினேன்." மணியம்மா வெந்த விரல்களால் வாயைப் பொத்தினாள். "தவளை தன் வாயால கெடுமாம். நான் என் வாயால உன்னைக் கெடுத்தேனே, பாவி."

"உடும்மா. நீ இன்னா பண்ணுவே."

"பேசாம என்கூடவே வந்துடு. போலாம்."

"வந்து? உன் பக்கத்துல நின்னு காய் சீவறதா? அதுக்கும் நிக்கணுமே." தரணி முட்டியைத் தடவினாள். "இருக்கற வரைக்கும் இருக்கறேன். பரீட்சை எழுத உட்டாலும் உடுவாங்கோ."

மணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்த பாக்ஸைத் திறந்தாள். களி ஆறி இறுகிப்போயிருந்தது. ஒரு விள்ளல் பிட்டுச் சட்னியில் தொட்டு மகள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"துன்னுடி. இன்னிமே எடை பாக்க மாட்டாங்கோ."

தரணி அதைப் பார்த்தாள். காலையிலிருந்து பட்டினி. வாயைத் திறக்க முடியவில்லை. அதற்குள் விசில் ஊதினார்கள். மெத்தையின் நடுவில் காவ்யா இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, இவள் பக்கம் பார்க்காமல் காத்து நின்றாள்.

"தரணி, ரா ரா," என்று தெலுங்கில் கூப்பிட்டார் கோபிகிருஷ்ணன்.

"வை மா. விழுந்துட்டு வந்து துன்றேன்."

பெஞ்சைப் பிடித்து எழுந்து நொண்டிக்கொண்டே போனாள். மெத்தை ஓரத்தில் நின்று குனிந்து வணங்கினாள், காவ்யாவும் வணங்கினாள். காவ்யாவின் கை சட்டையைப் பற்றியது. தரணி அவள் தோளுக்கு மேலே போய் விழுந்தாள். கை மெத்தையில் அறைந்தது.

"சபாஷ்," என்றார் கோபிகிருஷ்ணன் காவ்யாவிடம். "இன்னொண்ணு."

தரணி இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, ஒரு கையை ஊன்றி எழுந்தாள். எழும்போது வாசற்பக்கம் பார்த்து, வலிக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியட்டும் என்று சிரித்தாள். மணியம்மா அந்த விள்ளலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.