நேசம் போடும் விரல்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில்தான் என் மகள் வர்ஷினியின் நேர்சரி. நாலு வயது. கொஞ்ச நாளாகக் காலையில் அவள் காலில் போடச் சப்பாத்தை எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். கூடப் படிக்கும் லவன் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைப் பறிப்பான், தள்ளிவிடுவான், மற்றப் பிள்ளைகளையும் அவளோடு சேரவிடமாட்டான்.

நான் முறையிடப் போகும்போதெல்லாம் சரோஜினிதேவி டீச்சர் சிரித்த முகம் மாறாமல் ஒரே பதிலைத்தான் சொல்வார். அவருடைய நேர்சரியில் எந்தச் சண்டையும் வீட்டுக்குப் போவதில்லையாம். கோபித்துக்கொண்ட இருவரையும் கூப்பிட்டு, சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து நேசம் போட வைப்பாராம். வகுப்பே கைதட்டுமாம். அதோடு விஷயம் முடிந்ததாம். யாருக்கு முடிந்தது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுப் பின்னேரம் குளிக்க வார்க்கும்போதுதான் கண்டேன். அவளுடைய சுண்டுவிரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. தொடவிடவில்லை. யார் செய்தது என்று கேட்டேன்.

"நேசம் வேண்டாம் அம்மா," என்று மட்டும் சொல்லி அழுதாள்.

இன்று அவளைத் தூக்கிக்கொண்டு போய் விரலைக் காட்டினேன். எங்கேயாவது கதவில் நசுங்கியிருக்கும் என்றார் டீச்சர். அதே மூச்சில் லவனைக் கூப்பிட்டு நேசம் போடச் சொன்னார். வர்ஷினி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"பாத்தீங்களோ, உங்கட பிள்ளைக்குத்தான் பிடிவாதம்," என்றார் டீச்சர்.

நான் குனிந்து என் சுண்டுவிரலை நீட்டினேன். "என்னோட நேசம் போடு, லவன்."

அவன் கோத்தான். டீச்சரைப் பார்த்துச் சிரித்தபடியே என் விரலைப் பின்பக்கமாக முறுக்கினான். வளர்ந்த எனக்கே உயிர் போனது. பிள்ளைகள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். டீச்சரும் தட்டினார்.

இத்தனை நாளும் இவர்கள் கைதட்டத் தட்ட என் பிள்ளை இதைத்தான் தாங்கியிருக்கிறாள். அந்தப் பொடியன் மேல்கூட அவ்வளவு ஆத்திரம் வரவில்லை, கைதட்டிய மனிசி மேல்தான் வந்தது.

சிவந்துபோன விரலை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, அவன் முறுக்கியதைச் சொன்னேன்.

"இப்ப நீங்கள் போடுங்கோ டீச்சர். இவனோட."

லவன் விரலை நீட்டிக்கொண்டு அவரிடம் போனான். டீச்சர் என் விரலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.