வாடாத பொருள்

"தண்ணி இருக்கு, ரோடு இருக்கு, பைன் மரம் நாப்பது..."

"மனுசங்க இருக்காங்களான்னு கேட்டேன்."

"...நாப்பது மரம். கிளையைக் கழிச்சாலே அஞ்சு வருசத்துக்கு விறகு."

"மனுசங்க. இருக்காங்களா, இல்லையா?"

"நிலம் வாங்கப் போறியா, மனுசங்களை வாங்கப் போறியா ரூபா?"

"ராத்திரி நெஞ்சு வலிச்சா பைன் மரத்தையா எழுப்புறது?"

மகேந்திரன் தரையில் விரித்திருந்த இரண்டு காகிதங்களையும் நேராக்கினான். ஒன்று மலையூரான மேமியோ பக்கம் அரை ஏக்கர். மற்றது கலாவ் மலைக்கு மேலே மூன்று ஏக்கர். இரண்டுக்கும் ஒரே விலை. தரகர் பர்கத்துல்லா நாலு மணிக்கு வருவார். அவரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பர்மாவில், தின்கன்ஜூனில் அவனும் மனைவி ரூபாவும் இருபது வருடமாகக் குடியிருக்கும் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு ஆள் பார்த்து, விலையும் பேசியாகிவிட்டது. மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். போகிற இடம்தான் இன்னும் முடிவாகவில்லை.

போன சித்திரையில் ரூபா கடைத்தெருவில் மயங்கி விழுந்தாள். கருவாட்டுக் கூடைமேலேயே சாய்ந்தாள். இந்தச் சூடு இந்த உடம்புக்கு ஆகாது, குளிர்ந்த ஊராகப் பார்த்துப் போங்கள் என்றார் டாக்டர். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இது. நாலு கோழி, ஒரு முட்டைக்கோசுப் பாத்தி, உருளைக்கிழங்கு, கூரைமேல் ஒரு சோலார் தட்டு. அதுவரை இரண்டு பேருக்கும் ஒரே மனசுதான்.

"ஷ்வேப்யிதா ஐஸ் கம்பெனியில இருபத்திரண்டு வருசம் நின்னீங்களே, அந்தக் குளிர் போதலையா? உச்சி மலைதான் வேணுமாக்கும்."

"மேமியோவுல அரை ஏக்கர்ல என்ன பண்ணுவே? கோழிக்கு விட்டா கோசுக்கு இடமில்ல. கோசு போட்டா நாம நிக்கிறதுக்கு இடமில்ல."

"பக்கத்துல கோயில் இருக்கு. நம்ம ஆளுங்க இருக்காங்க. பேசுறதுக்கு வாய் இருக்கு."

"வாய்க்குத்தான் குறைச்சல் இங்க."

"அப்ப மாவ்பியில வாங்குங்க. பஸ்ல ஒரு மணி நேரம்."

"மாவ்பி குளிருமா?"

"உங்க பேச்சைக் கேட்டா எந்த ஊரும் குளிரும்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்திருப்பாள். ஆனால் பல் கிட்டித்துக்கொண்டது. முந்தானையை இழுத்துத் தோளில் சுற்றிக்கொண்டாள்.

மணி மூன்றரை. மின்சாரம் காலையிலேயே போயிருந்தது, விசிறி அசையவில்லை. மகேந்திரனின் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. எதிர்மாடியில் ஒரு பெண் குழந்தையை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ரூபாவின் கன்னத்தில் காலையில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து, பூசியபடியே, ஒரு துளி வியர்வையில்கூடக் கரையாமல் இருந்தது.

"அஞ்சு நாளா உனக்கு வேர்க்கவே இல்ல, கவனிச்சியா? மலைக்குப் போறோம்னு நினைச்ச உடனே உடம்பு தேறிடுச்சு பாரு."

"தேறலைங்க. குளிருது."

"இந்த வெயில்லயா?"

"கையைத் தொட்டுப் பாருங்க."

அவன் தொட்டான். ஐஸ் கம்பெனியில் கட்டிகளை இறக்கிய கை அது. குளிர் அதற்குப் புதிதில்லை. ஆனாலும் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"காய்ச்சலா இருக்கும்."

"காய்ச்சல்னா சுடும். வாங்க, டின்னைப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

பால்கனியில் இரண்டு பால் டின்கள் இருந்தன. எட்டு நாளைக்கு முன் மகேந்திரன் பஸ் ஏறிப் போய் இரண்டு நிலத்தையும் பார்த்து, இரண்டிலிருந்தும் பிடி மண் கொண்டுவந்திருந்தான். கொண்டுவரச் சொன்னவள் ரூபா. அவள் அம்மா வழி முறை அது: நிலம் வாங்கும் முன் மண்ணைக் கொண்டுவந்து நவதானியம் போட வேண்டும், முளைக்கிறதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

மேமியோ டின்னில் ஐந்தாறு முளைகள், விரல் நகம் உயரம், வெளிச்சத்தைப் பார்த்து வெளியே சாய்ந்திருந்தன. கலாவ் டின்னில் ஒன்பது தானியமும் முளைத்து ஒரு சாண் ஏறியிருந்தது. டின்னின் வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

"ஐஸ் தண்ணி ஊத்தினியா?"

"மின்சாரமே இல்லாம ஐஸ் எங்கேருந்து வரும்? பைப்புத் தண்ணிதான். ரெண்டுக்கும் ஒரே குவளை."

"நல்லா வந்திருக்கே. மண்ணு அப்படி. இதைப் பார்த்துமா மேமியோங்கிறே?"

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க."

முளைகள் தெருவைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளே, இருட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"டின்னைத் திருப்பி வையி."

"தினமும் திருப்பி வைக்கிறேன். காலையில வெளியே பார்க்க வைப்பேன். மத்தியானம் நான் அடுப்படியில இருந்தா அடுப்படியைப் பார்க்கும். ராத்திரி நான் படுக்கிற பக்கம் பார்க்கும்."

"செடிக்குக் கண்ணா இருக்கு?"

"இப்ப நான் எங்க நிக்கிறேன்?"

அவள் கதவோரம் நின்றாள். ஒன்பது முளைகளும் கதவோரம் பார்த்திருந்தன. மகேந்திரன் குனிந்து டின்னைத் தொட்டான். பிறகு லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். கலாவ் காகிதத்தை எடுத்து நாலாக மடித்தான்.

"சரி. மேமியோவே வாங்குவோம்."

"மெய்யாவா?"

"கோழி ரெண்டு போதும். கோசு நாலு போதும். நீ நல்லா இருந்தாச் சரி. பர்கத் பாய் வந்தா சொல்லிடலாம்."

ரூபா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருடச் சண்டை இப்படி ஒரு நிமிடத்தில் முடிந்ததை அவளால் நம்ப முடியவில்லை.

"கோவமா?"

"இல்ல."

"அப்ப அந்த மண்ணைத் தெருமரத்தடியில கொட்டிடுறேன். எட்டு நாளாச்சு, நீங்க வச்ச வெத்தலையும் வாடியிருக்கும். வெத்தலை வாடினா பேச்சும் வாடிச்சு. எங்கம்மா அதுக்குத்தான் சொல்லும்: மண்ணைக் கேட்கப் போறப்ப வாடுற பொருளைத்தான் வைக்கணும்னு. யாருக்குக் கேட்கிறோம்னு பேரைச் சொல்லணும், வெத்தலையை வைக்கணும், மண்ணை எடுக்கணும். அது வாடுறதுக்குள்ள வாங்கினா நம்மது. வாங்கலைன்னா ஒருத்தருக்கொருத்தர் பாக்கியில்ல."

மகேந்திரன் மடித்த காகிதத்தை மறுபடி பிரித்தான்.

"பேரு சொன்னீங்கதானே?"

"உன் பேருதான். உன் பேர்லதானே எழுதப் போறோம்."

"வெத்தலை?"

"மேமியோவுல வச்சேன்."

"கலாவுல?"

"பஸ்ல தூக்கம் கண்ணைக் கட்டுச்சு. மலை ரோடு. டிரைவர் வேற தூங்கி வழியிறான், அவனுக்குப் பேச்சுத்துணையா..."

"நீங்களே போட்டு மென்னுட்டீங்க."

"அவனுக்கும் ஒண்ணு கொடுத்தேன்."

"அப்ப சும்மாவா மண்ணை எடுத்தீங்க?"

"சும்மா எடுக்கலை. நீ சொல்லிவிட்டிருக்கியே, எடுப்பேனா?"

"பின்ன?"

"உன் போர்வையை வச்சேன்."

ரூபா எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். அவன் பயணத்துக்கென்று அவள் கொடுத்தனுப்பிய அரக்குக் கம்பளிப் போர்வை, பிள்ளைப்பேற்றுக்குப் படுத்திருந்தபோதிருந்து அவள் போர்த்திவந்தது, அதில் இல்லை. தேடவில்லை என்பதால் இத்தனை நாள் தெரியவில்லை. பெட்டியை மூடாமல் திரும்பி வந்தாள்.

"வச்சீங்களா, கொடுத்தீங்களா?"

"ஒரு அம்மா இருந்தாங்க. உன் வயசுதான் இருக்கும். பழைய வீட்டு சிமெண்ட் அடித்தளம் இருக்குன்னு சொன்னேன்ல, அதுமேல உட்கார்ந்திருந்தாங்க. விடியக்காலம். புல்லெல்லாம் பனியில வெள்ளையாக் கிடக்கு. அவங்க மேல ஒரு மேல்துணிகூட இல்ல, வெறும் சட்டைதான். அக்கான்னு பர்மா பாஷையில கூப்பிட்டு, மண்ணு கொஞ்சம் எடுத்துக்கவான்னு கேட்டேன். என்ன கொண்டுவந்திருக்கேன்னு கேட்டாங்க."

"கேட்டாளா?"

"முறை தெரிஞ்சவங்கபோலன்னு நினைச்சேன். கையில இதுதான் இருந்தது. குளிர்றவங்களுக்குப் போத்திவிட்டா புண்ணியந்தானே ரூபா."

"மனுசங்க இருக்காங்களான்னு காலையிலிருந்து கேட்கிறேனே, அப்ப ஏன் சொல்லலை?"

"போர்வை போச்சுன்னு நீ சத்தம் போடுவேன்னு..."

கீழேயிருந்து யாரோ கயிறு இழுக்க, பால்கனி மணி அடித்தது. மகேந்திரன் தெருக்கதவுச் சாவியை நூலில் கட்டி இறக்கிவிட்டான். பர்கத்துல்லா மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்க, வாசலில் செருப்பைக் கழற்றினார். பிடரியில் ஈரக் கைக்குட்டை. பர்மிய முறையில் இவனுக்கு ஒரு 'கோ', அவளுக்கு ஒரு 'மா' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"என்ன வெயில் கோ மகேன். மா ரூபா, ஒரு வாய் தண்ணி கொடுங்க. முடிவு பண்ணியாச்சா? கலாவுன்னாத்தான் எனக்கும் சந்தோசம். அந்த விலைக்கு மூணு ஏக்கர் இனி எங்கயும் கிடைக்காது."

"மேமியோ, பாய்," என்றான் மகேந்திரன்.

"அடடா. கலாவ் நிலத்துக்காரன் இன்னிக்குக் காலையிலதான் எல்லைக்கல்லைப் படம் புடிச்சு அனுப்பினான். வாங்குறவங்களே உழ ஆரம்பிச்சுட்டீங்களான்னு கேட்கிறான். நான் இல்லையேன்னேன்."

"யாரு உழுதது?"

"அதைத்தான் அவனும் கேட்கிறான். அங்க ஒரு மைலுக்கு வீடே கிடையாதே."

கைப்பேசியை ரூபாவிடம் நீட்டினார். கறுப்பு மண் கிளறி ஒன்பது வரிசை. வரிசைக்கு ஒரு தானியம், ஒரு சாண் உயரம். அதற்கப்பால் கரி படிந்த சிமெண்ட் தளம், அதன்மேல் இரண்டு முக்காலி. ஒன்றில் அரக்குப் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மற்றதன்மேல் ஒன்றுமில்லை; தூசி துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"பாய், அந்த வீடு என்னாச்சு?"

"எரிஞ்சது. மூணு வருசமாச்சு."

"உள்ள யாரும்..."

பர்கத்துல்லா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ஒரு அம்மா தனியா இருந்தாங்களாம். தோட்டம் போட்டுக்கிட்டு. கேள்விப்பட்டதுதான். விலை குறைஞ்சதுக்கு அதுதான் காரணம். வாங்குறேன்னு நீங்க சொன்ன பிறகு சொல்லலாம்னு இருந்தேன், தப்புத்தான். வேணாம்னுட்டீங்களே, விடுங்க."

"பாய், நாளைக்கே இவர் போய் மண்ணைப் போட்டுட்டுப் போர்வையை எடுத்துட்டு வந்திடுவார். பஸ் எத்தனை மணிக்கு?"

"கலாவ் ரோட்டுல பஸ் நின்னு ரெண்டு நாளாச்சே மா ரூபா. தெரியாதா? எப்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு அவர் மகேந்திரனைப் பார்த்தார். மகேந்திரன் தரையைப் பார்த்தான். மேமியோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று முணுமுணுத்தவர், நாளைக்கு வருவதாகச் சொல்லி வேகமாகப் படியிறங்கிப் போனார். ஈரக் கைக்குட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மின்சாரம் வந்தது. தலைக்குமேல் விசிறி சுற்றியது. தரையிலிருந்த காகிதங்கள் பறந்து சுவரோரம் போயின. கைக்குட்டை படபடத்தது. பால்கனி டின்னில் ஒன்பது முளைகளும் அசையவில்லை.

"நிறுத்துங்க அதை."

அவன் விசிறியை நிறுத்தினான். போர்வையைத் தேடிய பெட்டியிலிருந்து தன் பழைய கம்பெனிக் கோட்டைக் கொண்டுவந்து அவள்மேல் போட்டான். அதன்மேல் ஒரு படுக்கை விரிப்பையும் போட்டான். அவள் நடுக்கம் நிற்கவில்லை.

"போத்திக்கிட்டு என்ன சொன்னா?"

"யாரு?"

"தெரியாத மாதிரி கேட்காதீங்க."

"சூடா இருக்குன்னாங்க. போட்டிருந்தவங்க உடம்புச் சூடு இன்னும் இருக்குன்னாங்க."

"அப்புறம்?"

"மூணு ஏக்கரு ஒரு ஆளுக்கு ஆகாது, கூட ஒரு பொம்பளை இருந்தா நல்லதுன்னாங்க."

"அதுக்கு நீங்க?"

"என் பெஞ்சாதி வருவான்னேன். பேச்சுக்குச் சொல்றதுதானே ரூபா. அவங்க சிரிச்சாங்க. நல்ல மாதிரியாத்தான் சிரிச்சாங்க."

ரூபா பேச வாயைத் திறந்தாள். நாலு மணி வெயில் பால்கனி முழுக்கக் கொட்டிக்கொண்டிருக்க, அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்து, அவன் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்று கலைந்தது. இருவரும் அது கலையும்வரை பார்த்தார்கள்.

"அவ கேட்டிருப்பாளேங்க," என்றாள். "என்னைக்கு வருவேன்னு சொன்னீங்க?"