பதினோரு பேர் பட்டியல்

தையல் கம்பெனியின் அயர்ன் மேசையில் அம்மா சட்டைக் காலரை இழுத்து நேராக்கி, அயர்ன் பெட்டியை அழுத்தினாள். நீராவி சீறியது. மகள் மாடியில் இருந்தாள். பதினெட்டு நிரம்பாத பெண்களையெல்லாம் சுகாதார நிலைய நர்ஸ் அங்கே சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒரே வருடத்தில் நான்கு சிறுமிகள் பிள்ளை பெற்றிருந்தார்கள். நான்காவது பெண் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நர்ஸும், பள்ளிக்கூட டீச்சரும், மளிகைக் கடைக்காரரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கம்பெனிக்குள் வந்து பேச மூன்று மாதம் நடையாய் நடந்தார்கள். மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: லைன் சூப்பர்வைசர் கூடவே இருப்பார்.

பெண்கள் இறங்கி வந்தபோது யாரும் பேசவில்லை. நூல் பிசிறு வெட்டும் மகளைக் கம்பெனியே ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடும். அவளும் வாயைத் திறக்கவில்லை.

“என்னடி சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

“மூஞ்சி ஏன் வெளிறிக் கெடக்கு?”

“வெயிலு.”

ஹாலுக்குள் ஏது வெயில் என்று கேட்பதற்குள் அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், நர்ஸ் மகளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“அக்கா, கத்தாதீங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். டெஸ்ட் பாத்துட்டேன். நாலு மாசம்.”

அம்மா தண்ணீர் பிடிக்கப் போகிறவள் மாதிரி குடத்தைத் தூக்கினாள். அது நிறைந்திருந்தது. திரும்பக் கீழே வைத்தாள்.

“யாருடி?”

“லைன் சார்.” மகள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “துணி பீஸ் அடுக்கணும்னு குடோனுக்குக் கூப்பிட்டாரும்மா. வரலன்னா உங்கம்மாவ வேலைய விட்டுத் தூக்கிருவேன்னாரு.”

மகளை வேலைக்குச் சேர்த்த அன்று, “தம்பி, எம்புள்ளைய உம்புள்ளையா நெனச்சுப் பாத்துக்கப்பா” என்று அவனிடம் ஒப்படைத்தது அம்மாதான். அவனை மாமா என்று கூப்பிடச் சொன்னதும் அவள்தான்.

“மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமேம்மா” என்றாள் நர்ஸ்.

“யாராச்சும் தொந்தரவு குடுத்தா சொல்லுங்கன்னு நீங்க கேட்டப்ப அவரு உங்க பக்கத்துலதான் நின்னாரு சிஸ்டர். என்னையப் பாத்துச் சிரிச்சாரு.”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அவளே புகார் எழுதினாள். அம்மா தட்டுத் தடுமாறிக் கையெழுத்துப் போட்டாள். ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டு, விசாரிப்பதாகச் சொன்னார்கள். ஒரு வாரமாகியும் யாரும் வரவில்லை. நர்ஸ் குழுவைக் கூட்டினாள். மேனேஜர் யாரும் அழைக்காமலே வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கம்பெனி பேரு கெட்டுதுன்னா முந்நூறு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். நமக்குப் புள்ளைங்க பாதுகாப்புதானே முக்கியம்? பதினெட்டு ஆகாத பொண்ணு ஒருத்திகூட இனிமே வேலைக்கு வேணாம். அவ்வளவுதான், முடிஞ்சுது.”

மளிகைக் கடைக்காரர் தலையாட்டினார். டீச்சர் நோட்டைத் திறந்தாள்.

“அப்ப அந்த ஆளு?” என்றாள் நர்ஸ்.

“அதப் போலீஸ் பாத்துக்கும்மா. நமக்கெதுக்கு?”

தீர்மானத்தை எழுதி, சுற்றுக்கு விட்டார்கள். நர்ஸ் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

திங்கட்கிழமை காலை கேட்டுக்கு வெளியே பதினோரு பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். சூப்பர்வைசர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்து, பேனாவால் அடித்தான். கடைசியில் ரேடியோவின் பெயர் வந்தது. அவள் துணிப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பற்றியிருந்தாள்.

மணி அடித்தது.

“உள்ள வாங்கக்கா, நேரமாச்சு” என்றான் அவன்.

அம்மா நின்றாள். இனி வீட்டில் சம்பாதிக்கப் போகிறவள் அவள் ஒருத்திதான். மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை விடுவித்துக்கொண்டாள்.

அவள் உள்ளே போவதற்கு அவன் மரியாதையாக விலகி வழிவிட்டான். பிறகு கேட்டை இழுத்துச் சாத்தினான்.